ஒன்பது புள்ளி ஒன்று

சங்கரபாகத்தின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்ற சொல் இன்றுவரை சேரவில்லை. அதற்காக ஆறு வருஷம் நாயாய் அலைந்தவர். கடைசியில் இருந்த கல்லூரி வேலையும் போய், இப்போது ஒரு மெட்ரிக் பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்திக்கொண்டிருக்கிறார். யாராவது கேட்டால், "நமக்கு அதெல்லாம் ஒத்து வரல" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார். அது பொய். நன்றாகவே ஒத்து வந்தது. வந்ததுதான் வம்பாகிவிட்டது.

நாற்பத்தைந்து வயதில் ஆய்வுக்குச் சேர்ந்தார். ஆசைப்பட்டெல்லாம் சேரவில்லை. முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி கல்லூரியில் இடமில்லை என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. இருபது வருஷம் பாடம் நடத்திய மனிதர் பகுதி நேர மாணவராகி, சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருக்குக் கைடாக வாய்த்த மங்கையர்க்கரசிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. குரு சின்னவர், சிஷ்யன் நரைத்தவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். இருவருக்குமே அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

மங்கை மேடத்தின் பெயரோடு ஓர் எண் ஒட்டிக்கொண்டிருந்தது. 9.1. இரண்டு கரிமப் பொருள்களைக் கலந்து, கரைத்து, கண்ணாடித் துண்டின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கனத்தில் பூசி ஒரு சூரிய மின்கலம் செய்திருந்தார். அதன் மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்பது புள்ளி ஒன்று பங்கு மின்சாரமானது. அதுதான் அவருடைய பட்டம். அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது. வேலையை வைத்து ஆய்வகம் வந்தது. அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இன்றும் மாட்டித்தான் இருக்கிறது.

சங்கரபாகத்துக்குக் கொடுத்த வேலையைச் சொல்வது சுலபம். அந்த இரட்டைக் கலவை கருஞ்சிவப்பு வெளிச்சத்தைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. அதைப் பிடிக்கிற மூன்றாவது பொருள் ஒன்றைக் கலவையில் சேர்க்க வேண்டும். உறிஞ்சும் வெளிச்சம் கூடினால் மின்சாரமும் கூட வேண்டும். 9.1-ஐத் தாண்டிவிட்டால் பட்டம் கையில்.

முதல் வருஷமே மூன்றாவது பொருளைச் சேர்த்துப் பார்த்தார். ஊதாவாக இருந்த பூச்சு ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது. உறிஞ்சும் வெளிச்சத்தை வரைபடமாக எடுத்தபோது இந்த நிறத்திலிருந்து அந்த நிறம் வரை எங்கேயும் பள்ளமில்லை. சங்கரபாகத்துக்கு வாயெல்லாம் பல். விளக்கின் கீழே வைத்து மின்சாரத்தை அளந்தார். பாதியாகக் குறைந்திருந்தது.

மங்கை மேடத்திடம் ஓடினார்.

"வெளிச்சத்தக் கூடக் குடிக்குது மேடம். ஆனா கரண்ட் குறையுது. ஏன்?"

மங்கை மேடம் நேராகப் பதில் சொல்லவில்லை.

"குலசை தசராவுக்குப் போயிருக்கீங்களா சார்?"

"வருசா வருசம் போவேன்."

"பஸ்ஸ விட்டு எவ்வளவு கூட்டம் இறங்குது?"

"லச்சக்கணக்குல."

"இறங்கினவங்க எல்லாரும் சாமியப் பார்த்துடுறாங்களா?"

ஒரு வருஷம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒரே சந்தில் இரண்டு மணி நேரம் நசுங்கி, கோயில் வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்பியது சங்கரபாகத்துக்கு நினைவு வந்தது. சட்டென்று விளங்கிவிட்டது. கலவை உறிஞ்சிய வெளிச்சம், நேர் மின்னும் எதிர் மின்னும் ஒட்டிப் பிறந்த ஜோடியாக மாறுகிறது. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்கிற எல்லைக்கு அது உயிரோடு போய்ச் சேர வேண்டும். அங்கே பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாக மின்முனைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். இவர் அள்ளிக் கொட்டிய மூன்றாவது பொருள் கூட்டத்தைக் கூட்டிவிட்டு, வழியிலும் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் அளவைப் பாதியாகக் குறைத்தார். மின்சாரம் ஏறியது.

அன்றைக்கே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் தேதி போட்டு, 'குலசை' என்று தலைப்பும் கொடுத்து, மேடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்தார்.

அடுத்த தடவை கதையும் இல்லை. கலவை எவ்வளவு நன்றாகக் கலந்திருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, கேன்டீனுக்கு அழைத்துப்போய் இரண்டு டீ வாங்கினார் மேடம். ஒன்றில் சீனியைப் போட்டு ஆற்றாமல் கொடுத்தார். இன்னொன்றை ஆற்று ஆற்று என்று கால் மணி நேரம் ஆற்றிவிட்டுக் கொடுத்தார்.

"இது?"

"இனிப்பே இல்ல மேடம். அடியிலயே கெடக்கு."

"இது?"

"ஆறிப்போச்சு."

மேடம் எழுந்து போய்விட்டார். சங்கரபாகம் உட்கார்ந்து யோசித்தார். திட்டுத் திட்டாகக் கலந்தால் ஜோடி எல்லையைத் தொடுவதற்குள் செத்துப்போகும். ஒரேயடியாகக் கரைந்து கலந்தாலும் பிரிந்த மின்னுக்கு வெளியேற வழி இருக்காது. பூச்சை எத்தனை நிமிஷம் சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று எட்டு மாதம் தேடிக் கண்டுபிடித்தார். நோட்டில் 'டீ' ஏறியது.

இதுவரை சொன்னதில் மங்கை மேடத்தின் மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. நல்ல வாத்தியார். தன்னைவிடச் சின்னவரிடம் கைகட்டி நிற்கிறோமே என்று சங்கரபாகம் ஒரு நாளும் நினைத்ததில்லை. வீட்டில் மனைவியிடமும் மேடம் பேச்சுத்தான்.

தொல்லை வேறொரு இடத்திலிருந்து வந்தது.

சேர்ந்த புதிதில் சங்கரபாகம் ஒரு கட்டுரையில் படித்திருந்தார். மின்கலத்தை அளக்கும்போது அதன் மேல் கறுப்புத் தகடு ஒன்றை வைக்க வேண்டும். தகட்டில் அளவு தெரிந்த ஒரு துளை இருக்க வேண்டும். துளை வழியாக விழுகிற வெளிச்சம் மட்டுமே அளவில் சேரும். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு வெர்னியர் அளவுகோலில் பிழை பார்க்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் அல்லவா, மனசில் பிடித்துக்கொண்டது. ஊரில் தெரிந்த ஆசாரி ஒருவர் பித்தளைத் தகட்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் சதுரமாகத் துளை போட்டுக் கொடுத்தார். கரும்பலகைக்கு அடிக்கிற பெயின்ட்டை அதன் மேல் அடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. எல்லாரும் செய்வதுதானே என்று நினைத்தார். சாப்பிட உட்காருமுன் கை கழுவினேன் என்று யார் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள்?

இரண்டாம் வருஷம் ஆய்வுக்குழுவின் முன்னால் தன் வேலையைக் காட்டினார். ஏதோ ஒரு ஸ்லைடில் தகட்டின் படமும் இருந்தது. பத்து விநாடியில் அது கடந்துபோனது. குழுவில் ஒருவர் கேட்டது வேறு. மூன்றாவது பொருளைச் சேர்க்கும் முன்பு, மேடத்தின் பழைய இரட்டைக் கலவையைத்தானே நீங்களும் செய்தீர்கள், மேடத்துக்கு 9.1 வந்தது உங்களுக்கு ஏன் 6.3 வருகிறது என்றார். சங்கரபாகத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "இப்பதான் செஞ்சு பழகுதேன் சார்" என்று மென்று விழுங்கினார்.

அடுத்த சனிக்கிழமை அதையே மேடத்திடம் கேட்டார். அதே பாட்டில், அதே கண்ணாடி, பூசுவதில் அதே வேகம், உலர்த்துவதில் அதே சூடு. ஏன் ஆறு?

மங்கை மேடம் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வழக்கத்தைவிட நேரமெடுத்துக்கொண்டார்.

"எங்க தெருவுல ரெண்டு அக்கா இட்லிக் கடை போட்டிருந்தாங்க சார். மாவு ஒரே கிரைண்டர்ல ஆட்டுறதுதான். ஒரு அக்கா இட்லி பூவா இருக்கும். இன்னொரு அக்கா இட்லி கல்லு."

"ஏன் மேடம்?"

"அதத்தான் அந்த அக்காவும் கடைசி வரைக்கும் கேட்டுட்டு இருந்தாங்க."

சங்கரபாகம் நோட்டைத் திறந்து 'இட்லி' என்று எழுதினார். பஸ்ஸில் வரும்போது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்குத் தன் கையே எதிரியாகிவிட்டது. மேடத்திடம் முழுநேரமாக ஆய்வு செய்யும் இரண்டு பெண்பிள்ளைகள் வார நாட்களில் அதே பழைய கலவையைச் செய்தார்கள். அவர்களுக்கு 8.9 வரும், 9 வரும். சனிக்கிழமை தனியாக வந்து செய்யும் இவருக்கு ஆறுதான். பிள்ளைகளிடம் கேட்டால், போகப் போகப் பழகிடும் சார் என்று பிரியமாகச் சொன்னார்கள். அந்தப் பிரியம்தான் அதிகமாகச் சுட்டது. காபியை விட்டார். வீட்டில் ஊசி மருந்துச் சிரிஞ்சில் தண்ணீர் பிடித்துக் கண்ணாடித் துண்டின் நடுவில் ஒரே சொட்டாக விட்டுப் பழகினார். மனைவி பார்த்துவிட்டு, டாக்டருக்குப் படிக்கேன்னு சொன்னது இந்த டாக்டருக்கா என்று கேலி செய்தாள். சிரித்தார். ஐம்பது வயதில் கை நடுங்குகிறதோ என்ற பயத்தை அவளிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாவது பொருளை நூற்றுக்குப் பத்து வீதம் சேர்த்தபோது அவருடைய 6.3, 7.1 ஆனது. அதற்கு மேல் சேர்த்தால் உறிஞ்சுவது கூடும், மின்சாரம் குறையும். அந்தப் பத்து என்ற எண் அவர் கண்டுபிடித்தது, வேறு யாரும் அதுவரை சொல்லாதது. ஆனால் என்ன செய்ய? ஆய்வகத்தின் பழைய கலவையே ஒன்பது கொடுக்கும்போது உங்கள் புதுக்கலவை ஏழு கொடுத்தால் தேர்வாளர் சிரிப்பார் என்றார் மேடம். கை தேறாதவர் ஆறை ஏழாக்கியது ஒரு முன்னேற்றமா என்று கேட்பார்களாம். சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஆறு வருஷம் முடிந்தது. பதிவை இரண்டு தடவை நீட்டித் தந்தாகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாவிட்டால் ஜூனில் கல்லூரிக்கு வர வேண்டாம் என்று முதல்வர் அழைத்துச் சொல்லிவிட்டார். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அதில் எழுத ஒன்பதைத் தாண்டிய ஓர் எண் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தகடு வீட்டில், துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கிடந்தது. திரும்பிப் போனால் ஒரு நாள் வீண். சரி, அதில்லாமலேயே பார்ப்போம் என்று பழைய கலவையில் செய்த கலத்தை விளக்கின் கீழே வைத்தார்.

9.1.

கம்பி சரியாகத் தொடவில்லையோ என்று எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். 9.1. இன்னொரு கலத்தை வைத்தார். 9.0. கை நடுங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே நடுங்கியது. மூன்று பொருளும் சேர்ந்த தன் கலத்தை எடுத்து வைத்தார். 10.2.

ஒரு டீ குடிக்கிற நேரம் சங்கரபாகம் சந்தோஷமாக இருந்தார். மகளுக்கு போன் போடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கலத்தின் பரப்பென்று எல்லாரும் எழுதுவது நாலு சதுர மில்லிமீட்டர். தகடு இல்லாவிட்டால் வெளிச்சம் அதைச் சுற்றியும் விழும். கலத்துக்கு அடியில் பூசியிருக்கிற மின்கடத்திப் பூச்சு அந்த அக்கம்பக்கத்து மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கும். எல்லாமே அந்த நாலு சதுர மில்லிமீட்டரின் பேரில் ஏறிவிடும். பக்கத்து வயல் நெல்லையும் அறுத்துத் தன் வயலில் விளைந்தது என்று சொல்லிக்கொள்கிற மாதிரி.

அப்படியானால் 9.1 என்பது 6.3. அந்தப் பிள்ளைகளுக்கும் அதேதான். இத்தனை நாளும் அவர் கை மேடத்தின் கைக்கு ஒரு நூல்கூடக் குறைந்ததில்லை.

நோட்டை எடுத்துப் புரட்டினார். 'இட்லி' பக்கத்தின் தேதியைப் பார்த்தார். தகட்டின் படத்தை ஸ்லைடில் காட்டியதற்கு நாலு நாள் பிந்திய தேதி.

திங்கட்கிழமை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். தகட்டை மேசை மேல் வைத்தார்.

"ஒன்பது புள்ளி ஒண்ணு எடுத்தப்ப மேல இது இருந்துச்சா மேடம்?"

மங்கை மேடம் தகட்டைப் பார்த்தார். தொடவில்லை.

"இல்ல சார். அப்ப இந்தப் பக்கத்துல யாருமே போடுறதில்ல. எனக்குத் தெரியவும் தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"உங்க ஸ்லைடப் பார்த்த அன்னிக்கு. சாயங்காலமே ஒண்ணு வெட்டி வச்சு எடுத்துப் பார்த்தேன். ஆறு புள்ளி ரெண்டு."

பூசி மெழுகாமல் சொன்னார். சங்கரபாகம் ஏதாவது பொய் வரும் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலையும் பஸ்ஸிலேயே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அது வீணாகிப்போனது.

அதன் பிறகு மேடம்தான் பேசினார். நிதானமாக, பாடம் நடத்துகிற குரலில். தகட்டை எடுத்துவிட்டு இரண்டையும் எழுதுங்கள் என்றார். பழையது 9.1, புதியது 10.2. உங்கள் கலவை நிஜமாகவே நல்ல கலவை, எப்படி அளந்தாலும் அது பழையதைவிடக் கூடுதல்தான், அதில் ஒரு பொய்யும் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடலாம் என்றார்.

சங்கரபாகம் உடனே மறுத்துவிடவில்லை. அவரும் மனிதர்தானே. ஜூன் மாதத்தை நினைத்தார். வீட்டை நினைத்தார். பத்து புள்ளி ரெண்டு என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சொன்னார்.

"தகடு போட்டு எடுத்ததையே எழுதுதேன் மேடம். பழையது ஆறு புள்ளி மூணு, புதுசு ஏழு புள்ளி ஒண்ணு. முன்னால ஒன்பது வந்தது எதனாலன்னு கீழ ஒரே ஒரு பத்தி."

"அந்த ஒரு பத்தியில நான் போயிடுவேன் சார்."

"உங்க பேரப் போடல."

"ஒன்பது புள்ளி ஒண்ணுன்னாலே என் பேருதான். நான் மட்டுமில்ல, அந்த ரெண்டு பிள்ளைங்களும் அதை வச்சுத்தான் எழுதிட்டு இருக்காங்க." மேடம் பேனாவை மூடினார். "அந்தப் பத்தி இருந்தா என் கையெழுத்து இருக்காது."

சங்கரபாகம் தலையை ஆட்டினார். அந்த ஓர் ஆட்டலில் பட்டமும் வேலையும் சேர்ந்து போய்விட்டது இருவருக்குமே தெரிந்தது. மேடத்துக்கு மனசு கேட்கவில்லையோ என்னவோ, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க ஊர்ல ஒரு பூசாரி இருந்தாரு சார்..." என்று ஆரம்பித்தார்.

சங்கரபாகத்தின் கை தானாகப் பைக்குள் போய் நோட்டைத் தொட்டது. ஆறு வருஷத்துப் பழக்கம். தொட்ட கையைப் பார்த்ததும் அவருக்கு வந்த ஆத்திரம் மேடத்தின் மேல் வந்ததா, தன் மேல் வந்ததா என்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"கதை வேண்டாம் மேடம்."

மேடம் நிறுத்திக்கொண்டார். அவர் பேச்சை சங்கரபாகம் இடைமறித்தது அதுதான் முதல் தடவை.

"நாலு வருசம். என் கைதான் சரியில்லன்னு நெனச்சு, வீட்டுல ஒரு டம்ளரப் பிடிக்கக்கூடப் பயந்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உள்ளதச் சொல்ல முடியலன்னா பேசாமலாவது இருந்திருக்கலாம். அந்த இட்லிக் கதைய ஏன் மேடம் சொன்னீங்க?"

மங்கை மேடம் அவரை நேராகப் பார்த்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"பதில் சொன்னா நீங்க அடுத்த கேள்வி கேப்பீங்க சார். கதை சொன்னா எழுதிக்கிடுவீங்க."